சம்மதம் இல்லாதவரை மனநல மருத்துவமனையில் சேர்ப்பது: சான்றளிக்கும் மருத்துவருக்கு முழுமையான வழிகாட்டி

இரவு எட்டு மணி வாக்கில் தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது. உள்ளே இரண்டு சித்தப்பாக்களுக்கு நடுவே முப்பது வயதுக்காரர் ஒருவர். கைகள் துண்டால் கட்டப்பட்டிருக்கின்றன. அம்மா அழுதுகொண்டிருக்கிறார். அண்ணன் நேராக டூட்டி டாக்டரிடம் வந்து, "ஒரு சர்டிபிகேட் மட்டும் எழுதிக் குடுங்க சார், டவுன்ல பேசி வச்சிருக்கோம், பெட் ரெடியா இருக்கு" என்கிறார். இந்தக் காட்சி தமிழ்நாட்டில் பல மருத்துவர்களுக்குப் பழகிப்போனது. ஆனால் அந்தச் சான்று நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாமல் ஒரு மனிதரை 30 நாள் வரை வெளியே போகவிடாமல் வைத்திருக்க வழி செய்கிறது என்பதை அந்த அவசரத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் இதை ஆள்வது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதற்கு முன்பு 1987ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கும் முன்பு 1912இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த சட்டம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்ற பிறகு பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாத நிலை வந்தது. அப்படி உருவானதுதான் இப்போதைய சட்டம்.

இந்தச் சட்டத்தை நான் வாசிக்கும் விதத்தில், சான்றளிக்கும் மருத்துவரிடம் அது கேட்பது ஒன்றுதான்: நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள். குடும்பம் சொன்னதையோ, பக்கத்து டாக்டர் ஏற்கெனவே எழுதியதையோ பிரதி எடுத்துக் கையெழுத்திட வேண்டாம். கீழே வரும் படிகள் எல்லாமே அதன் விரிவுதான்.

முதல் படி: எந்தப் பிரிவு என்று தீர்மானியுங்கள்

சம்மதம் இல்லாதவர் என்று கொண்டுவரப்படுபவர் உண்மையிலேயே மறுக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். கட்டை அவிழ்க்கச் சொல்லி, உறவினர்களை வெளியே அனுப்பி, தண்ணீர் கொடுத்து, "உங்களுக்கு என்ன கஷ்டம்? இங்க ரெண்டு மூணு நாள் தங்கிப் பாக்கறீங்களா?" என்று கேட்டால் ஒப்புக்கொள்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு முடிவெடுக்கும் திறனும் இருந்தால், அது 86ஆம் பிரிவின்படி சுயேச்சை நோயாளியாகச் சேர்வது. அங்கே உறவினரின் கையெழுத்தே தேவையில்லை. போகிறேன் என்று அவர் கேட்டால் அனுப்பிவிட வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: 89ஆம் பிரிவுக்கு மாற்ற வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமாகிவிட்டது என்று மனநலத் தொழில்முறையாளர் கருதினால், அந்த மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம்.

சம்மதம் இல்லாமல், அல்லது சம்மதம் தரும் நிலையில் இல்லாமல் வருபவருக்கு உரியது 89ஆம் பிரிவு. சட்டம் இதை 'ஆதரவுடன் கூடிய சேர்க்கை' என்கிறது. 30 நாளுக்கு மேல் போனால் 90. பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் 87. உடனே மருந்து கொடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றால் 94. போலீஸ் கொண்டுவந்தால் 100, மாஜிஸ்திரேட் அனுப்பினால் 102. கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே பிரிவு எண்ணை எழுதிவிடுங்கள். எந்தப் பிரிவில் சேர்த்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. 22ஆம் பிரிவு அதைச் சொல்கிறது.

இரண்டாம் படி: யார் சான்றளிக்கலாம்

89ஆம் பிரிவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் மனநலத் தொழில்முறையாளராகவோ பதிவு பெற்ற மருத்துவராகவோ இருக்கலாம். மனநலத் தொழில்முறையாளர் என்ற வட்டத்தில் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் வருவார்கள். சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் என்ற பிரிவில் பட்ட மேற்படிப்பு முடித்தவரையும் சட்டம் இந்த வட்டத்துக்குள் சேர்த்திருக்கிறது. பொது மருத்துவர் ஒருவர் இரண்டாவது கையெழுத்தாக இருப்பது நம் ஊர்களில் சகஜம். தாலுகா ஆஸ்பத்திரி டூட்டி டாக்டருக்கு இந்த வழிகாட்டி தேவைப்படுவது அதனால்தான்.

பரிசோதனை சேர்க்கும் நாளன்று, அல்லது அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். போன மாதம் பார்த்தது செல்லாது. இருவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே அறையில் ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் ஓரமாக நின்று கேட்டுவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டால் அது தனித்த பரிசோதனை ஆகாது. முதல் டாக்டர் எழுதியதைப் படிக்காமல் உங்கள் குறிப்பை எழுதி முடியுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் சொந்தக்காரர் அல்லது உங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர் என்றால் விலகிக்கொண்டு வேறு டாக்டரை அழையுங்கள்.

மூன்றாம் படி: விண்ணப்பம் யார் தருவது

சேர்க்கைக்கான விண்ணப்பம் நியமனப் பிரதிநிதியிடமிருந்து, அதாவது முடிவெடுக்க நோயாளிக்குத் துணை நிற்பவரிடமிருந்து, வர வேண்டும். இந்த இடத்தில் குடும்பங்களும் மருத்துவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: வண்டியில் கூட வந்தவர்தான் பிரதிநிதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். 14ஆம் பிரிவின்படி யாரைப் பிரதிநிதியாக வைப்பது என்பது நோயாளியின் உரிமை. வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும்; முத்திரைத்தாளோ நோட்டரியோ கேட்கவில்லை. அவர் யாரையும் நியமிக்கவில்லை என்றால்தான் வரிசைப்படி உறவினர், பராமரிப்பவர், பிறகு மனநல மறுஆய்வு வாரியம் (இத்தகைய சேர்க்கைகளைச் சரிபார்க்கும் சட்ட அமைப்பு) நியமிப்பவர், கடைசியாகச் சமூக நலத் துறை இயக்குநர் அல்லது அவர் அனுப்பும் ஆள்.

ஆகவே இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். "இவருக்காக நீங்க முடிவெடுக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்காரா?" இது கூட வந்தவரிடம். "உங்களுக்கு உடம்பு முடியாம போனா யார் உங்களுக்காகப் பேசணும்?" இது நோயாளியிடம். அண்ணன் கூட்டி வந்திருப்பார், நோயாளி மனைவியின் பெயரைச் சொல்வார். சொத்துத் தகராறும் விவாகரத்து வழக்கும் வெளியே வருவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான்.

நான்காம் படி: மனநோய் இருக்கிறதா, இது மனநோய்தானா

சட்டம் கேட்பது, சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, இடம் காலம் அறிதல், நினைவு இவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு. அது ஒருவரின் பகுத்தறிவையோ, நடத்தையையோ, நிஜத்தை உணரும் ஆற்றலையோ, அன்றாடத் தேவைகளைச் சமாளிக்கும் திறனையோ கடுமையாகக் குலைத்திருக்க வேண்டும். அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு மட்டும் உள்ளவர் இதில் வரமாட்டார். அவரை இந்தப் பிரிவில் சேர்க்க முடியாது.

3ஆம் பிரிவு சில காரணங்களைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. அரசியல், பொருளாதார, சமூக நிலை, மதம், இனம், சமூகத்தின் ஒழுக்க வழக்கங்களுக்கு ஒத்துப்போகாமை இவற்றை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. முன்பு ஒருமுறை மனநல வார்டில் இருந்தார் என்பது மட்டுமே இப்போதைய நோய்க்குச் சான்று ஆகாது. வேறு சாதிப் பையனைக் காதலிக்கும் பெண், மதம் மாறிய மகன், கல்யாணத்துக்கு மறுக்கும் தங்கை, தனக்குரிய பாகத்தைக் கேட்கும் தம்பி என்று வீட்டாருக்குப் 'பைத்தியமாக'த் தெரிபவர்கள் உண்டு. 2018 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், வயது வந்த ஒரு பெண்ணைப் பெற்றோரே போலீஸ் துணையோடு அவருடைய இசை ஆசிரியர் வீட்டிலிருந்து தூக்கி மனநல மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அவருடைய விருப்பத்தை மீறிய அந்தத் தடுத்துவைப்பு சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். அது பழைய சட்டத்தின் கீழ் நடந்த சேர்க்கை. புதிய சட்டம் அதைவிடக் கண்டிப்பானது.

குடிப்பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மது, போதைப்பொருள் தவறான பயன்பாட்டோடு சேர்ந்த மனநிலைகளும் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. ஆனால் 'குடிக்கிறார்' என்பது மட்டும் சேர்க்கைக்குக் காரணம் ஆகாது. கீழே வரும் ஆபத்து நிபந்தனையும் திறன் நிபந்தனையும் அவருக்கும் பொருந்த வேண்டும். குடியை நிறுத்திய நடுக்கத்தில் சுவரில் பூச்சி ஊர்வதைப் பார்ப்பவருக்கு அவை பொருந்தலாம். ஒரு வாரத்தில் தெளிந்து, "எனக்கு மருந்து வேண்டாம், நான் வீட்டுக்குப் போறேன்" என்று விவரமாகச் சொல்பவருக்குப் பொருந்தாது. மூன்று மாத பேக்கேஜ் என்று முன்பணம் கட்டி ஒருவரைப் பூட்டி வைக்க இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

ஐந்தாம் படி: மூன்று ஆபத்துகளில் ஒன்றாவது இருக்க வேண்டும்

நோய் இருந்தால் மட்டும் போதாது. அதன் கடுமையால் இவற்றில் ஒன்றாவது நடந்திருக்க வேண்டும்: தன் உடலுக்குத் தீங்கு செய்வதாக அண்மையில் மிரட்டியது அல்லது முயன்றது; பிறர்மேல் வன்முறை அல்லது தன்னால் உடலுக்குத் தீங்கு வரும் என்று பிறர் அஞ்சும்படி நடந்தது; தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் தனக்கே ஆபத்து வரும் நிலை. 'அண்மையில்' என்பது சட்டத்தில் உள்ள நிபந்தனை. ஐந்து வருடத்துக்கு முன்பு அரிவாளைத் தூக்கினார் என்பது இன்றைய காரணம் ஆகாது.

சான்றுகள் வலுவிழப்பது இந்த இடத்தில்தான். "நோயாளி வன்முறையாக உள்ளார், ஒத்துழைக்கவில்லை, அட்மிஷன் தேவை" என்று ஒற்றை வரி எழுதினால் வாரியத்தின் முன் அது நிற்காது. ஒரு கற்பனை உதாரணம் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த அளவு விவரம் இருக்கட்டும்:

"இன்று மாலை 5.10 முதல் 5.45 வரை தனியறையில் பேசினேன். அம்மா தன் சோற்றில் விஷம் கலக்கிறார் என்று உறுதியாக நம்புகிறார். நான்கு நாளாகக் குழாய்த் தண்ணீர் மட்டுமே குடிப்பதாக அவரே சொன்னார். நாக்கு வறண்டிருக்கிறது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. நேற்று இரவு அம்மாவின் கையில் கொதிக்கும் குழம்பை ஊற்றியதாக அண்ணன் சொன்னார். அம்மாவின் இடது முன்கையில் புதிய கொப்புளம் இருப்பதைப் பார்த்தேன். அம்மாவை யாரும் தடுக்காவிட்டால் நானே அம்மாவை முடித்துவிடுவேன் என்று என்னிடம் இருமுறை சொன்னார்."

இதில் நீங்கள் பார்த்தது தனியாகவும், அவர் சொன்னது தனியாகவும், உறவினர் சொன்னது தனியாகவும் பிரிந்து நிற்கிறது. பிறர் தரும் தகவலைக் கணக்கில் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் முடிவுக்கு அடித்தளம் உங்கள் பரிசோதனைதான். நேரத்தைக் குறிப்பிட மறக்காதீர்கள். தேதி மட்டும் உள்ள சான்று, இருவரும் தனித்தனியாகப் பார்த்தார்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.

ஆறாம் படி: முடிவெடுக்கும் திறன்

எல்லோருக்கும் திறன் உண்டு என்பதே சட்டத்தின் தொடக்க நிலை. மனநோய் உள்ளவருக்கும் அப்படித்தான். 4ஆம் பிரிவு பார்க்கச் சொல்வது: சேர்க்கை, சிகிச்சை பற்றிய தகவலைப் புரிந்துகொள்கிறாரா, முடிவின் பின்விளைவை உணர்கிறாரா, பேச்சாலோ சைகையாலோ தன் முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. தகவலை அவருக்குப் புரியும் எளிய மொழியில் கொடுத்த பிறகே இந்தக் கேள்விகள் எழும். மருத்துவக் கலைச்சொல்லில் பேசிவிட்டு 'புரியவில்லை' என்று எழுதுவது அநியாயம்.

நேராகக் கேளுங்கள். "டாக்டர் இப்ப உங்ககிட்ட என்ன சொன்னேன், உங்க வார்த்தையில சொல்லுங்க." "மருந்து எடுக்காம வீட்டுக்குப் போனா என்ன ஆகும்னு நினைக்கறீங்க?" "ஏன் வேண்டாம்ங்கறீங்க?" பதில்களை அப்படியே மேற்கோளாக எழுதுங்கள். "போன தடவை அந்த ஊசி போட்டு உடம்பு விறைச்சுப் போச்சு, அதான் வேண்டாம்" என்பவர் திறனோடு மறுக்கிறார். மற்றவர்களுக்குத் தவறாகப் படும் முடிவை எடுத்தார் என்பது மட்டுமே திறனின்மைக்குச் சான்று ஆகாது என்று சட்டமே சொல்கிறது. பிரதிநிதியின் மிக உயர்ந்த அளவு ஆதரவு இல்லாமல் முடிவெடுக்க முடியாத நிலை இருந்தால்தான் 89 பொருந்தும். திறனுள்ளவர், ஆபத்தானவர், ஆனால் சேர மறுக்கிறார் என்றால் இந்தப் பிரிவில் அவரை வைக்க முடியாது. மருத்துவருக்கு இது மிகக் கடினமான கட்டம். மனசு பதறும். இருந்தாலும் நிபந்தனையை வளைத்துச் சான்று எழுதாதீர்கள். வெளிநோயாளி சிகிச்சை, வீட்டில் ஆள் துணை, அடுத்த நாளே மறுபரிசோதனை என்று திட்டம் போடுங்கள்.

ஏழாம் படி: முன்கூட்டிய அறிவுறுத்தலும், குறைந்த கட்டுப்பாடு என்ற நிபந்தனையும்

எனக்கு நோய் முற்றினால் இப்படிப் பாருங்கள், இப்படிப் பார்க்காதீர்கள் என்று நல்ல நிலையில் ஒருவர் எழுதி வைத்திருக்கலாம். 5ஆம் பிரிவு தரும் உரிமை இது. இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் படித்து, இல்லை என்றால் 'கேட்டேன், இல்லை' என்று எழுதுங்கள். அதன்படி நடக்க விருப்பமில்லை என்றால் வாரியத்திடம் விண்ணப்பிக்கத்தான் வழி. டாக்டரே தள்ளி வைக்க முடியாது. அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது.

அடுத்து, இந்தச் சூழலில் மருத்துவமனைச் சேர்க்கையைவிடக் குறைந்த கட்டுப்பாடுள்ள வழி இல்லை என்று சான்றளிக்க வேண்டும். என்னென்ன வழிகளை யோசித்தீர்கள், ஏன் ஒத்துவரவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள்: மாவட்ட மனநலத் திட்டத்தின் ஓ.பி., வீட்டிலேயே மாத்திரை, பொது வார்டில் ஒரு நாள் கண்காணிப்பு.

கையெழுத்துக்குப் பிறகு

பெண்ணோ சிறுவரோ என்றால் 3 நாளுக்குள், மற்றவர் என்றால் 7 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். அனுப்ப வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு அதிகாரி. நோயாளியோ பிரதிநிதியோ, நோயாளியின் சம்மதத்தோடு ஒரு தொண்டு நிறுவனமோ வாரியத்திடம் மறுஆய்வு கேட்கலாம். கேட்ட 7 நாளுக்குள் வாரியம் பார்க்க வேண்டும். இந்த உரிமையை நோயாளியிடம் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் குறியுங்கள்.

சேர்த்துவிட்டோம் என்பதால் எந்த மருந்தையும் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. பிரதிநிதியின் ஆதரவோடு நோயாளியின் சம்மதத்தைப் பெறுவதே முறை. ஏறத்தாழ முழு ஆதரவும் தேவைப்படும் கட்டத்தில் பிரதிநிதி தற்காலிகமாகச் சம்மதம் தரலாம்; அப்போது ஒவ்வொரு 7 நாளும் நோயாளியின் திறனை மறுபடி சோதித்து எழுத வேண்டும். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. தனிமைச் சிறை கூடாது. உடலைக் கட்டுவது உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவு செய்து. 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குத் தெரிவித்தாக வேண்டும்.

நிபந்தனைகள் தீர்ந்தால் அந்த நாளே இந்தப் பிரிவின் கீழான சேர்க்கை முடிந்தது. 30 நாள் என்பது உச்ச வரம்பு. விரும்பினால் அவர் சுயேச்சை நோயாளியாகத் தொடரலாம். வெளியே போன 7 நாளுக்குள் மறுபடி சேர்க்க வேண்டி வந்தால் 89 கிடையாது, 90தான். 90க்கு இரண்டு மனநல மருத்துவர்கள் வேண்டும், பொது மருத்துவரின் கையெழுத்து அங்கே செல்லாது. ஆபத்து அண்மையில் நேர்ந்தால் போதாது, தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். வாரியத்தின் அனுமதியும் வேண்டும்: முதலில் 90 நாள், அடுத்து 120, பிறகு ஒவ்வொரு முறையும் 180 வரை. திறன் மறுசோதனை இரு வாரத்துக்கு ஒருமுறை.

மனநல மருத்துவரே இல்லாத ஊரில்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் டாக்டருக்கு உதவுவது 94ஆம் பிரிவு. பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம்: மரணத்தையோ மீளாத உடல்நலக் கேட்டையோ தடுக்க, தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு செய்வதைத் தடுக்க, அல்லது நோயிலிருந்தே எழும் பெரும் சொத்துச் சேதத்தைத் தடுக்க. பிரதிநிதி பக்கத்தில் இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். அருகிலுள்ள மனநல நிலையத்துக்கு ஆம்புலன்ஸில் அனுப்புவதும் இதில் அடக்கம். வரம்பு 72 மணி நேரம், அல்லது மனநல நிலையத்தில் மதிப்பிடப்படும் வரை, எது முந்தியோ அது. மின்னதிர்வு சிகிச்சையை இந்தப் பிரிவின் கீழ் தரவே கூடாது. ஊசி போட்ட நேரத்தையும் காரணத்தையும் ரெஃபரல் சீட்டில் எழுதுங்கள். 72 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

தெருவில் திரிபவரைப் போலீஸ் கொண்டுவந்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுவருவது அவர்கள் கடமை. லாக்கப்பில் வைக்க அதிகாரமில்லை. போலீஸ் மெமோ சேர்க்கை உத்தரவு அல்ல. நீங்கள் மதிப்பிட்டு, தேவை இருந்தால் உரிய பிரிவில் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டுக்காக 10 நாள் வரை வைத்திருக்க உத்தரவிடும் அதிகாரம் 102இன்படி மாஜிஸ்திரேட்டுக்குத்தான் இருக்கிறது.

சட்டத்தை மீறினால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரியத்தின் உத்தரவு தவறு என்று பட்டால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

நோய் தணிந்த பிறகு குடும்பம் கூட்டிப்போக வராமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. போன் நம்பரை மாற்றிவிடுவார்கள். அதற்காகச் சேர்க்கையை நீட்டிக்க ஒரு சான்று எழுதிக் கொடுங்கள் என்று உங்களிடம் வந்து கேட்பார்கள். எழுதாதீர்கள். குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, சமூகத்தில் வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 19ஆம் பிரிவு. குடும்பத்தோடு வாழ முடியாதவருக்கு உரிய உதவியை, சட்ட உதவி உட்பட, அரசு தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே டிஸ்சார்ஜ் திட்டத்தைச் சேர்த்த முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்: ஊர் முகவரியைச் சரிபாருங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் சமூக நலத் துறைக்கும் கடிதம் போடுங்கள், அதன் நகலைக் கேஸ் ஷீட்டில் வையுங்கள்.